பழியணங்குகளுக்கு இட்ட இன்பெயர்

பெயரை மாற்றிவிட்டால் பொருள் மாறிவிடுமோ? அச்சந்தரும் ஒன்றனை இனிய பெயரால் அழைத்து அமைதி தேடுவது பழங்கிரேக்கரின் வழக்கம். கொந்தளிக்கும் கருங்கடலை அவர்கள் 'விருந்தோம்பும் கடல்' என்றனர். அவ்வாறே, கொலைக்குப் பழிவாங்கும் எரினீயர் என்னும் அணங்குகளின் பெயரை வாயாற் சொல்லவும் அஞ்சி, 'யூமெனிதெசு', அஃதாவது 'நன்னெஞ்சினர்' என்றனர்.

யார் இவ்வணங்குகள்? வானவனாகிய ஊரானோசை அவன் மகனே அரிவாளால் அறுத்தபோது, நிலத்தில் வீழ்ந்த குருதித் துளிகளிற் பிறந்தோர் என்கின்றார் எசியோது. இரவின் மகளிர் என்கின்றார் ஐசுகிலசு. பெற்றோரைக் கொன்றானையும் பொய்யாணையிட்டானையும் விடாது துரத்துவதே இவர்தம் கடன்.

கி.மு. 458-இல் ஏதென்சில் அரங்கேறி முதற்பரிசு பெற்ற ஐசுகிலசின் முந்நாடகத் தொகுதி, இவர்களை அறமன்றத்தின் முன் நிறுத்துகின்றது. போருக்குக் கலஞ்செலுத்தக் காற்று வேண்டித் தன் மகளையே காவுகொடுத்தான் அகமெம்னோன். அவனை அவன் மனைவி கிளைத்தெம்னெசுத்திரா கொன்றாள். அவளை மகன் ஒரெசுதெசு, அப்பொல்லோவின் ஏவலாற் கொன்றான். தாய்க்குருதிக்கு ஈடு கேட்டு அணங்குகள் அவனைத் தொடர்ந்தனர்.

ஏதென்சின் அரேயோபாகசுக் குன்றில் அதீனா நடுவரை அமர்த்தினாள். அங்கே அப்பொல்லோ உரைத்தது யாது? பெற்றோன் தந்தையே, தாய், அவன் இட்ட வித்தைக் காத்து வளர்ப்பவள் மட்டுமே என்பது! கூழாங்கற்கள் இருபுறமும் நிகராக விழுந்தன. தாயின்றிப் பிறந்த அதீனா ஆண்பக்கம் சாய்ந்தாள், ஒரெசுதெசு விடுபட்டான்.

குருதிக்குக் குருதி என்னும் முடிவில்லாத் தொடரை மன்றம் அறுத்தது எனப் புலவர் பலர் இந்நாடகத்தைப் போற்றுவர். அஃது உண்மையே. மன்றமின்றேல் கொலை தலைமுறை தலைமுறையாகத் தொடரும். ஆயின், பத்துத் திங்கள் சுமந்தவளைப் பெற்றவளே அல்லள் என்று சொல்லி வென்ற வழக்கை அறத்தின் வெற்றி எனக் கொள்வது எங்ஙனம்? அணங்குகளின் கேள்விக்கு அங்கே விடையில்லை. சொல்லாற் பொருளை மறைத்தனர், அவ்வளவே.

எனினும், அதீனா அறிந்த ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. நாட்டைப் பாழாக்குவோம் எனச் சினந்து நின்ற அணங்குகளை அவள் துரத்தவில்லை. பன்முறை பணிந்து பேசி, நிலத்தடியில் உறையுளும் வழிபாடும் தந்தாள். செந்நிற ஆடை அணிவித்துத் தீப்பந்தங்களுடன் அழைத்துச் சென்றனர் ஏதென்சு மக்கள். அச்சத்தை நகரினின்று முற்றும் அகற்றிவிடாதீர் என்றும் அவள் அறிவுறுத்தினாள். ஏதென்சில் அவ்வணங்குகளின் திருவிடமும் அக்குன்றின் அருகிலேயே இருந்தது.

இதனால் விளங்குவது யாது? கொலையுண்டாரின் சினத்தைச் சட்டம் தன் அடித்தளத்தில் வைத்துக் காக்க வேண்டும். வெளியே தள்ளுதல் கூடாது. வழிபாடும் இன்பெயரும் தந்துவிட்டு நயன்மையை மறுப்பாராயின், அச்சினம் தணிவதில்லை, நிலத்தடியிற் காத்திருக்கும். நன்னெஞ்சினர் என்று ஆயிரமுறை அழைப்பினும், கேட்ட கேள்விக்கு விடை கிடைக்குமளவும் எரினீயர் எரினீயரே!