சட்டனூகாவில் ஒரு நடைபாலம்

அட்லாண்டாவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் பெற்றோருக்கு ஒரு பயணம் கட்டாயம் உண்டு. ஏதாவது ஒரு சனிக்கிழமை, புளியோதரையும் தயிர்சாதமும் டப்பாக்களில் ஏறிக்கொள்ள, இரண்டு மணி நேரம் காரில் டென்னசி மாநிலத்துக்குப் போவோம். லுக்அவுட் மலை, மலைக்குள் விழும் அருவி, உச்சியில் பாறைத் தோட்டம். சாயங்காலமே திரும்பிவிடுவோம். மலைக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறதே, அது என்ன ஊர் என்று யாரும் கேட்பதில்லை.

நானும் முதல் இரண்டு தடவை கேட்கவில்லை. 2022 அக்டோபரில் மூன்றாவது தடவை கிளம்பியபோதுதான், "மலை வேண்டாம் மாப்பிள்ளை. இந்தத் தடவை ஊரைப் பார்ப்போமே" என்றேன்.

"டவுன்டவுன்ல என்ன இருக்கு அத்தை? சனிக்கிழமைன்னா ஆபீஸ் எல்லாம் மூடிக் கிடக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அமெரிக்காவின் நடுத்தர ஊர்களில் பல அப்படித்தான். வேலைக்கு மட்டும் நகர மையத்துக்கு வந்துவிட்டு, ஐந்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு புறநகருக்குப் போய்விடுவார்கள். விடுமுறை நாளில் நம் ஊர் கடைத்தெருவை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஆனால், சுமார் 1,80,000 பேர் வசிக்கும் சட்டனூகா வேறு மாதிரி இருந்தது.

பழைய ரயில் நிலையத்தில் தொடங்கினோம். 1909-ல் திறந்த நிலையம். 1970-ல் கடைசிப் பயணிகள் ரயில் போனதும் இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்காமல் 1973-ல் ஹோட்டலாக்கினார்கள். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே பெரிய குவிமாடம். வெளியே பழைய ரயில் பெட்டிகள். 1941-ல் க்ளென் மில்லர் குழு இந்த ஊருக்குப் போகும் ரயிலை வைத்து வெளியிட்ட பாட்டுக்குத்தான் உலகின் முதல் 'தங்க இசைத்தட்டு' கிடைத்தது. பாட்டு உலகம் முழுக்கப் போனது. ஊரை மட்டும் யாரும் தேடி வரவில்லை.

அங்கிருந்து ஆற்றங்கரை வரை மின்சார பஸ் ஓடுகிறது. டிக்கெட் கிடையாது. 1992-லிருந்து இந்த ஏற்பாடு. சுமார் ஒன்றரை மைல் தூரம்தான், முழங்கால் ஒத்துழைத்தால் நடந்தே போகலாம். நாங்கள் பாதி பஸ்ஸில், பாதி நடந்து போனோம். வழியில் 1921-ல் கட்டிய டிவோலி தியேட்டர். கிழக்கே திரும்பினால் மார்ட்டின் லூதர் கிங் பெயரிலுள்ள சாலை. அது ஒன்பதாவது தெருவாக இருந்த காலத்தில், 1894-ல் இதே ஊரில் பிறந்த ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித், சிறுமியாக அண்ணனோடு நின்று காசுக்குப் பாடியிருக்கிறார். பாட்டிலில் அடைத்த கோகோ கோலா அமெரிக்கா முழுக்கப் பரவியதும் இந்த ஊர்க்காரர்களால்தான். 1899-ல் இங்கிருந்து இரண்டு வக்கீல்கள் அட்லாண்டாவுக்குப் போய், பாட்டிலில் அடைக்கும் உரிமையை வெறும் ஒரு டாலருக்கு எழுதி வாங்கி வந்தார்கள். இதைச் சொன்னதும் மாப்பிள்ளை முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பகலில் ஹெட்லைட்

காற்று சுத்தமாக இருந்தது. அதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? 1969-ல் அமெரிக்காவிலேயே மிக மோசமான காற்று இந்த ஊரில்தான் என்று மத்திய அரசு அறிவித்தது. வால்டர் க்ரான்கைட் அதைத் தொலைக்காட்சிச் செய்தியில் நாடு முழுக்கச் சொன்னார். வார்ப்பாலைகளின் புகையைச் சுற்றியிருந்த மலைகள் வெளியே விடவில்லை. பகலிலேயே ஹெட்லைட் போட்டுக் கார் ஓட்டினார்களாம்.

அவமானப்பட்ட ஊர் அதை மறைக்கவில்லை. புகையைக் கட்டுப்படுத்த விதிகள் வந்தன. 1984-ல் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று மக்களையே கூட்டிக் கேட்டார்கள். சுமார் 1,700 பேர் வந்து பேசினார்கள். 40 குறிக்கோள்கள் கொண்ட பட்டியல் தயாரானது. ஆற்றங்கரையை மக்களுக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது அதில் முக்கியமான ஆசை. 1992-ல் டென்னசி ஆற்றங்கரையில் நீர்வாழ் காட்சியகம் திறந்தது.

கண்ணாடிக் கூம்புகள் வைத்த கட்டடம் அது. எஸ்கலேட்டரில் நேராக உச்சிக்குப் போய்விட்டுக் கீழே இறங்கி வரவேண்டும். உச்சியில் மலைச் சுனை, குதித்து விளையாடும் நீர்நாய்கள். இறங்க இறங்க ஆறு, அணை, பெரிய பெரிய கெளுத்திகள். கடைசியில் கடல். ஒரு துளி தண்ணீர் மலையிலிருந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும் வழியில் நாமும் போகிறோம். எட்டு வயதுப் பேரன் கெளுத்தித் தொட்டியை விட்டு நகரவே மாட்டேன் என்றான்.

வெளியே வந்தால் படிக்கட்டுகளில் தண்ணீர் வழிந்து ஆற்றை நோக்கி ஓடுகிறது. குழந்தைகள் காலை நனைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஏழு பெரிய சுடுமண் வட்டங்கள். அருகிலிருந்த பலகையைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் தண்ணீர் கண்ணீரைக் குறிக்கிறது என்று. ஊருக்குச் சட்டனூகா என்று பெயர் வைத்தது 1838-ல். அதே வருடம்தான் இந்த மண்ணின் செரோக்கி மக்களைப் படைவீரர்கள் பிடித்து, இதே படகுத்துறை வழியாக மேற்கே துரத்தினார்கள். வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அந்தச் சுடுமண் வட்டங்களைச் செய்தவர்கள் செரோக்கி கலைஞர்கள்.

பாலத்துக்கு வந்தோம்

காட்சியகத்திலிருந்து சில நிமிட நடையில் வால்நட் தெருப் பாலம். 1891-ல் திறந்த நீல நிற இரும்புப் பாலம், நீளம் 2,376 அடி. பலம் போய்விட்டது என்று 1978-ல் போக்குவரத்தை நிறுத்தினார்கள். இடிப்பதாகத்தான் இருந்தது. ஊர் மக்கள் விடவில்லை. பழுதுபார்த்து 1993-ல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று திறந்தார்கள். கார் இல்லாத பாலம்! அமெரிக்காவில் நடந்து போக ஓர் இடம் கிடைத்தால் எனக்குப் பாதி வியாதி தீர்ந்த மாதிரி.

பலகைத் தரையில் பேரன் ஓட, நாங்கள் பின்னாலேயே ஓட, பாலத்தின் முகப்பில் இருந்ததை யாருமே பார்க்கவில்லை. கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நாயோடு நடப்பவர்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். அக்கரைப் பூங்காவில் 1894-ல் செய்த குதிரை ராட்டினம் சுற்றுகிறது. பேரன் இரண்டு தடவை சுற்றினான். நான் ஒரு தடவை.

திரும்பி வரும்போதுதான் பேரன் நின்றான். பாலத்தின் தென்முனையில் மூன்று வெண்கல மனிதர்கள். இரண்டு பேர் கோட்டு சூட்டு போட்டவர்கள். மூன்றாவது இளைஞர், பின்னால் இருக்கும் தூக்குக்கயிற்றுக்கு முதுகைக் காட்டியபடி நடந்து வருகிறார்.

"இவர் எங்கே போறார் பாட்டி?"

நான் பலகையைப் படித்தேன். படித்துவிட்டு என் மகளைப் பார்த்தேன்.

அந்த இளைஞர் எட் ஜான்சன். 1906-ல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தாக்கினார் என்று குற்றம் சாட்டி, வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி அவருக்கு மரண தண்டனை கொடுத்தது. நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் என்ற இரண்டு கறுப்பின வக்கீல்கள் வழக்கை வாஷிங்டன் வரை கொண்டுபோனார்கள். மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. அன்றிரவே ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து ஜான்சனை இழுத்து வந்து, இந்தப் பாலத்தில் தொங்கவிட்டுக் கொன்றது. அதற்காக உச்ச நீதிமன்றமே ஷெரீஃப் மீது விசாரணை நடத்தியது. அதன் சரித்திரத்தில் நடந்த ஒரே குற்ற விசாரணை அது. 1909-ல் அவருக்குக் கிடைத்த தண்டனை 90 நாள் சிறை. வெளியே வந்தவரை ஊரே கூடி வரவேற்றது. வக்கீல்கள் இருவரும் உயிருக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனார்கள். ஜான்சனின் தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது 2000-ல். இந்தச் சிலைகள் வந்தது 2021-ல்.

"அவனுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? இப்பத்தானே ராட்டினத்துல சுத்தினான்" என்றாள் மகள், மெதுவாக.

அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் கேள்வி கேட்டவன் எதிரில் நிற்கிறான். நான் உட்கார்ந்து, "இவர் தப்பு பண்ணலைன்னு சொன்னார். யாரும் கேட்கலை. இவங்க ரெண்டு பேரு மட்டும் கேட்டாங்க" என்றேன்.

"அப்புறம்?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது மகளே சொன்னாள். "அப்புறமும் அவரைக் கொன்னுட்டாங்க கண்ணா. இந்தப் பாலத்துலதான். அது தப்புன்னு ஊர் ஒத்துக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அவன் பாலத்தைத் திரும்பிப் பார்த்தான். "நாம ஓடினோமே..." என்றான்.

"ஓடலாம்டா. தெரிஞ்சுக்கிட்டு ஓடலாம்" என்றார் மாப்பிள்ளை.

ஊர் சுற்றிவிட்டு வந்தால் எதைச் சாப்பிட்டோம், எதை வாங்கினோம் என்று எழுதுவது வழக்கம். அன்றைக்கு நாங்கள் புளியோதரைதான் சாப்பிட்டோம், ஆற்றங்கரைப் புல்வெளியில். வாங்கியது ஒன்றுமில்லை. ஆனால் கெட்ட காற்றை ஒத்துக்கொண்டு சரிசெய்த ஊர், கெட்ட இரவை ஒத்துக்கொள்ள அதைவிட எவ்வளவு அதிக காலம் எடுத்துக்கொண்டது என்பதைக் காரில் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். மலைக்குப் போன நாட்களில் நாங்கள் தூங்கிக்கொண்டே வந்ததுதான் ஞாபகம்.

போகிறவர்களுக்கு: அக்டோபரில் போங்கள், வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. காரை ஓரிடத்தில் விட்டுவிட்டு பஸ்ஸையும் கால்களையும் நம்புங்கள். பழைய பாலம், பராமரிப்பு வேலை நடக்கும். திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பேரப் பிள்ளைகளோடு போனால், எங்களைப் போல ஓடித் தாண்டாமல், தென்முனையில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு நடங்கள். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள்.