திருந்திய சிட்டியை ஏன் கழற்றினார்கள்?



ஞாயிற்றுக்கிழமை டிவியில் மறுபடியும் ‘எந்திரன்’ போட்டார்கள். 2010இல் வந்த படம், நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். பேரனோடு உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் சிட்டி தன்னைத்தானே பகுதி பகுதியாகக் கழற்றும்போது அவன் கேட்டான்: “பாட்டி, அதான் நல்லவனா மாறிட்டானே, அப்புறம் ஏன்?”

இதைக் குடும்ப குரூப்பிலும் நம் பள்ளி குரூப்பிலும் போட்டேன். வந்த பதில்களைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. “மெஷின்தானே” என்று முடித்துவிட்டார்கள் சிலர். “சிவப்பு சிப்பைப் பிடுங்கினதும் சரியாயிடுச்சு, இதுக்குப் பேர் திருந்துறதா டீச்சர்?” என்றான் இன்ஜினீயராக இருக்கும் பழைய மாணவன். “திருந்தினா செத்தவங்க திரும்பி வருவாங்களா அண்ணி?” என்றார் என் கொழுந்தனார்.

வரமாட்டார்கள் தம்பி. சிட்டி செய்ததை நான் பூசி மெழுகவில்லை. கல்யாண நாளில் சனாவைத் தூக்கிப் போனது கொடுமை. சிப் வைப்பதற்கு முன்பே, அவள் வேண்டாம் என்ற பிறகும் விட மனசில்லாமல் நின்றானே, அதுவும் தப்புதான்.

ஆனால் அவனை அப்படி விட்டது யார்? தீ விபத்தில், குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் முன் நிறுத்தினான். வெட்கம் என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவமானத்தில் ஓடிய அந்தப் பெண் வண்டியில் அடிபட்டுச் செத்தாள். அதற்குப் பிறகு வசீகரன் அவனுக்கு உணர்ச்சியைக் கொடுத்தார். பக்குவம் வரும்வரை கூட இருக்கப் பொறுமை இல்லை. ராணுவ அதிகாரிகள் முன்னால் சொதப்பியதும் கோடாலியால் வெட்டிக் குப்பைக்கு அனுப்பினார். அங்கிருந்து பொறுக்கிப் போனவர் போரா. நாம் தூக்கி எறிகிற பிள்ளையை எடுத்துக்கொள்ள ஒரு போரா எப்போதும் காத்திருப்பான்.

இன்ஜினீயர் தம்பிக்கு ஒரு வார்த்தை. சிப்பைப் பிடுங்கியதைத் திருந்தியது என்று நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கோர்ட்டில் நடந்ததைப் பார். வசீகரனுக்கு மரண தண்டனை. சிட்டி சும்மா இருந்திருக்கலாம். ஆனால், தன்னை வெட்டிப் போட்ட அதே மனிதரை, போரா சிப் வைத்த காட்சியைப் போட்டுக் காட்டிக் காப்பாற்றுகிறான். அந்த உண்மையை எந்தச் சிப் சொல்ல வைத்தது? பலன் என்ன? உருவாக்கியவருக்கு விடுதலை, உண்மை சொன்னவனைக் கழற்ற உத்தரவு. வசீகரன் வீட்டுக்குப் போகிறார், சிட்டி மியூசியத்துக்குப் போகிறான். 2018இல் ‘2.0’ வந்தது. ஊருக்கு ஆபத்து என்றதும் அவனை மறுபடி பூட்டி எடுத்தார்கள். வேலை இருந்தால் நம்மவன், இல்லையென்றால் காட்சிப்பொருள்! இதை மன்னிப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஒரு சினிமாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பீர்கள். சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் சண்டையில் பக்கத்துப் பையன் கையில் காம்பஸால் குத்திவிட்டான். டிசி கொடுத்து அனுப்பலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அன்று சாயங்காலமே அவன் தனியாக அடிபட்ட பையன் வீட்டுக்கு நடந்துபோய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். மறுநாள் அந்தப் பையனின் அம்மாவே வந்து சொன்னார்கள். “முடிவாயிடுச்சும்மா” என்று அனுப்பிவிட்டேன். டிசியை வாங்கிக்கொண்டு வெளியே போகும்போது அவன் தன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான்.

தண்டனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. முட்டி போட வைத்திருக்கலாம், ஒரு வாரம் என் மேஜை பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம். அவன் இடத்தை மட்டும் பறித்திருக்கக் கூடாது. உங்களில் பலர் இன்று அப்பா அம்மா, சிலர் ஆசிரியர்கள், சிலர் அதிகாரிகள். தப்பு செய்தவன் வந்து தலைகுனிந்து நிற்கும் நாள் உங்களுக்கும் வரும். “முடிவாயிடுச்சு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இந்தப் பக்கத்தில் என் மாணவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். அவன் இல்லை. அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பேரை இங்கே எழுத வேண்டாம். எங்கேயாவது பார்த்தால், டீச்சர் விசாரித்ததாகச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்