கடனுக்கு அறுத்தால் அதற்குப் பேர் தானமா?

சென்னையில் நடந்த ஒரு மருத்துவ மாநாட்டில், சிறுநீரக மாற்று அறுவை பற்றிய ஒருநாள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஏ.சி. மண்டபம், கழுத்தில் அட்டை, மதியம் பிரியாணி. பொய் சொல்லக்கூடாது, வகுப்பு நன்றாகவே இருந்தது. 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே ஓர் இரட்டையரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்ததில் தொடங்கி, 1971இல் வேலூர் சி.எம்.சி. வரை வரிசையாகச் சொன்னார்கள். 1980களில் சைக்ளோஸ்போரின் மருந்து பரவிய பிறகு, முன்பின் தெரியாத ஆளின் கிட்னியையும் உடம்பு ஏற்றுக்கொண்டது என்றார்கள்.

மருந்தோடு சந்தையும் வந்ததே, அதை யாரும் சொல்லவில்லை.

உறுப்பைப் பெற்றவர் சாகும்வரை என்ன மாத்திரை, எத்தனை நாளைக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கொடுத்தவருக்கு இரண்டே படம். எழுந்து கேட்டேன்: "கொடுத்தவங்க அஞ்சு வருஷம் கழிச்சு எப்படி இருக்காங்க, சார்?" பதில் வந்தது: "அவங்க திரும்பி வர்றதில்லை." மண்டபத்தில் லேசான சிரிப்பு. எப்படி வருவாங்க? பஸ் காசு யார் தருவா? அன்றைக்குப் போற கூலியை யார் தருவா?

அவர்கள் வராவிட்டால் என்ன, நாம் போய்ப் பார்க்கலாமே. 1980களில் சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பட்டப்பேர் விழுந்தது. கிட்னி விற்ற 305 பேரைச் சென்னையில் தேடிப்பிடித்துக் கேட்ட ஓர் ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் விற்றது கடனை அடைக்க. அப்படி விற்றவர்களில் நூற்றுக்கு 74 பேருக்குக் கடன் அப்படியே நின்றது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

சட்டம் இல்லையா என்பீர்கள். 1994லேயே வந்துவிட்டது. நெருங்கிய உறவினர் அல்லாதவரும் 'அன்பின், பற்றின்' பேரால் குழுவின் அனுமதியோடு கொடுக்கலாம் என்று அதில் ஒரு கதவு இருக்கிறது. தரகன் நுழைவது அந்தக் கதவு வழியாகத்தான். சுனாமியில் எல்லாம் இழந்து எர்ணாவூர் குடியிருப்பில் அடைக்கப்பட்ட மீனவப் பெண்கள் கிட்னி விற்ற செய்தி 2007இல் வெளியானது. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளிகள். உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு போட வேண்டியிருந்தது. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது முகந்தெரியாத பணக்காரன்மேல் திடீரென்று அன்பு பொங்குமா, தோழர்களே?

'தானம்' என்கிற சொல்லைப் பாருங்கள். ஊரில் தானம் கொடுப்பவன் மேலே, கை நீட்டுபவன் கீழே. சேரிக்காரன் தொட்ட தண்ணீரே ஆகாது. கிட்னி என்றால் மட்டும் கூலிக்காரன் வள்ளலாகிவிடுகிறான். திசுப் பொருத்தம் பார்க்கிற சோதனையில் சாதி கிடையாது. அந்த உடம்பு முழுசாக வந்து கதவைத் தட்டினால் சாதி வந்துவிடும்.

விற்றவர் எல்லாரும் தலித்துகள் என்று நான் சொல்ல வரவில்லை. வகுப்பில் காட்டிய கொடையாளர் படிவத்தில் வயது இருந்தது, பால் இருந்தது, ரத்தவகை இருந்தது. சாதி இல்லை, கடன் இல்லை. எண்ணாமல் விட்டால் அநீதியே நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

நோயாளி நமக்கு எதிரி அல்ல. டயாலிசிசுக்கு வழியில்லாமல் நம்ம சனமும்தான் சாகுது. 2008இல் தமிழக அரசு தொடங்கிய, மூளைச்சாவு அடைந்தவர் உறுப்பை வரிசைப்படி கொடுக்கும் திட்டம் வளரட்டும். அந்த வரிசையில் அரசு மருத்துவமனை ஏழைக்கும் இடம் வேண்டும். கொடுத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க இலவசப் பரிசோதனை வேண்டும். பரிசோதனைக்கு வரும் நாளுக்குக் கூலி வேண்டும். அவர்கள் சாதி, கடன், வருமானம் எல்லாம் பதிவாக வேண்டும்.

மருத்துவம் படிக்கும் தம்பி, தங்கைகளே, அடுத்த வகுப்பில் நீங்களும் எழுந்து அதே கேள்வியைக் கேளுங்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றுகொண்டே கேளுங்கள்.