காப்பிக்கு முன்னால்

காலையில் காப்பி உள்ளே போகாவிட்டால் நம் வீடுகளில் ஒரு காரியமும் நடப்பதில்லை. காப்பிக்கு முன்னால் யோகக்ஷேமம் விசாரித்தால்கூடச் சிலருக்குக் கோபம் வந்துவிடும். துருக்கி தேசத்தாரோ இந்த விஷயத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் பாஷையில் காலை ஆகாரத்துக்குக் "கஹ்வால்டி" என்று பெயர். "கஹ்வே" என்றால் காப்பி. "ஆல்டி" என்றால் அடியில் இருப்பது. அதாவது, காப்பி குடிப்பதற்கு முன் வயிற்றுக்கு அஸ்திவாரமாக இடுவது எதுவோ, அதுவே காலை ஆகாரம். நமது "காப்பி"யும் அந்தக் "கஹ்வே"யிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்த வார்த்தைதான். வார்த்தை வந்து சேர்ந்தது. அஸ்திவாரம் போடும் புத்தி வழியில் எங்கோ தங்கிவிட்டது!

அஸ்திவாரம் என்றதும் இரண்டு ரொட்டித் துண்டு என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். மேஜை தெரியாதபடி சின்னஞ் சிறு தட்டுகளைப் பரப்பிவிடுகிறார்கள். ஒன்றில் உப்பு நீரில் ஊறிய வெள்ளைப் பாலடைக்கட்டி. இன்னொன்றில் மஞ்சள் நிறமான "கஷார்" கட்டி. கறுப்பும் பச்சையுமாக ஆலிவ் காய்கள். அப்போது அரிந்த தக்காளி, வெள்ளரிக்காய். ரோஜா இதழிலும், அத்திப் பழத்திலும், புளிப்புச் செர்ரியிலும் செய்த பழப் பாகுகள். எருமைப் பாலைக் காய்ச்சித் தடிப்பாக எடுத்த "கைமாக்" என்னும் ஏடு, அதன்மேல் தேன். எள் விழுதையும் திராட்சைப் பாகையும் குழைத்து ரொட்டியில் தோய்த்து உண்பதும் உண்டு. மேலெல்லாம் எள் ஒட்டிய வளையமான "சிமித்" ரொட்டியைத் தெருவிலேயே கூவி விற்கிறார்கள். தக்காளி, பச்சை மிளகாயுடன் முட்டையைக் கலந்து கிண்டிய "மெனெமென்" வாணலியோடு நடுவில் வந்து உட்காருகிறது.

கிழக்கே வான் என்ற நகரத்தில் இந்த ஆகாரம் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. மலைச் சரிவில் முளைக்கும் கீரைகளைக் கலந்து அங்கே செய்யும் பாலடைக்கட்டிக்கு நாடெங்கும் மதிப்பு. 2014-ம் வருஷம் அந்நகரில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே சமயத்தில் உட்கார்ந்து காலை ஆகாரம் உண்டு உலக சாதனை செய்தார்கள்.

அஸ்திவாரம் போட்டாயிற்று, இனிக் காப்பிதானே வர வேண்டும்? ஆனால் ஆகாரத்தின் கூடவே வந்து நிற்பது தேநீர்! இதற்குள் ஒரு தேசத்தின் கதை அடங்கியிருக்கிறது.

பழைய துருக்கி சாம்ராஜ்யத்துக்குக் காப்பிக் கொட்டை யேமன் நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. முதல் உலக யுத்தத்தின் முடிவில் யேமன் கைவிட்டுப் போயிற்று. சொந்த நாட்டுச் சரக்காக இருந்த காப்பி, பணம் கொடுத்து வாங்க வேண்டிய அந்நியச் சரக்காயிற்று. அதே காலத்தில் கருங்கடல் ஓரத்து ரிஸே பிரதேசத்தில் ஜனங்கள் பிழைப்பின்றித் தவித்தார்கள். எல்லைக்கு அப்பால் ருஷ்ய நாட்டுக்குப் போய் வேலை செய்து வந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. 1923-ல் பிறந்த குடியரசு அடுத்த வருஷமே அங்கே தேயிலை பயிரிடுவதற்குச் சட்டம் செய்தது. ஸிஹ்னி டெரின் என்ற விவசாய நிபுணர், அடுத்திருந்த பாத்தூமிலிருந்து விதை தருவித்துப் பாடுபட்டார். பலன் உடனே கிட்டிவிடவில்லை. 1947-ல்தான் ரிஸேயில் பெரிய தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. இன்றோ, தலைக்கு இத்தனை என்று கணக்கிட்டால் உலகில் தேநீர் பருகுவோரில் முதல் வரிசையில் நிற்பவர்கள் துருக்கியரே. மலைச் சரிவில் தேயிலை தழைத்தது. ஊரை விட்டுப் போக இருந்தவன் தன் தோட்டத்தில் நின்றான்.

சுதேசியம் என்பது மேடையில் மட்டும் வளரும் பயிரன்று. காலைப் பலகாரத் தட்டிலும் வளரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

காப்பியை விட்டுவிட வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைய நமக்குத் தைரியமும் இல்லை. துருக்கியரும் அதை விடவில்லை. சாப்பாட்டுக்குப் பின் நிதானமாக அருந்துகிறார்கள். விடுமுறை நாளில் குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து, மணிக் கணக்காகப் பேசிக்கொண்டு உண்கிறார்களே, அந்த நிதானத்தைத்தான் சொல்கிறோம். ஒருவர் பத்திரிகைக்குப் பின்னாலும், ஒருவர் அடுப்பங்கரையிலும், ஒருவர் வாசற்படியிலுமாக நின்றுகொண்டே விழுங்குவது ஆகாரமாகுமா?

இடை சிறுத்த அவர்களுடைய கண்ணாடிக் குவளை காலியானால் மறுபடி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்பதற்கு அடையாளம், கரண்டியைக் குவளையின் மேல் குறுக்கே வைத்துவிடுவது. நாமும் இங்கே வைத்துவிட்டோம்.