வயிறு நிறைந்தவர்களின் வியாதியா?

மட்டாஞ்சேரி பசியை அறிந்த ஊர். கொச்சித் துறைமுகத்தில் வேலைக்குக் காத்துநின்ற தொழிலாளர் கூட்டத்தின் நடுவே, ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் ‘சாப்பா’ எனப்பட்ட உலோக வில்லைகளை வீசியெறிவார்கள். முட்டிமோதி அதைக் கைப்பற்றியவருக்கே அன்றைய வேலை. அவர் வீட்டில்தான் அன்று அடுப்பெரியும். அந்த இழிமுறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தின்மீது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. அப்போராட்டத்தில் சைது, சைதலவி, ஆன்டணி ஆகிய மூவர் உயிர்நீத்தனர்.

சோற்றுக்காக உயிர்கொடுத்தவர்களின் வழிவந்த இயக்கத்துக்கு, சோறு இருந்தும் உண்ண மறுத்து ஒருவர் மடிவது விளங்காப் புதிராகத் தோன்றலாம். 2025 மார்ச் மாதம் அதே கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவர் அவ்வாறுதான் இறந்தார். எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் பல மாதங்கள் உணவைத் தவிர்த்திருந்தார். அந்நோயின் பெயர் அனோரெக்சியா நெர்வோசா. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், ‘இது வயிறு நிறைந்தவர்களின் வியாதி, உழைக்கும் மக்களின் இயக்கத்துக்கு இதில் என்ன வேலை?’ என்ற குரல் நம்மிடையேயும் எழுகிறது. அக்குரல் தவறானது. பொருள்முதல்வாதம் பேசுவோர்க்குச் சிறிதும் பொருந்தாதது.

முதலில் பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. அனோரெக்சியா என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பசியின்மை என்று பொருள். ஆனால் நோயாளிக்குப் பசி உண்டு. எடை கூடுமோ என்ற பேரச்சம் அந்தப் பசியை நசுக்குகிறது. எலும்பும் தோலுமான நிலையிலும் கண்ணாடியில் தெரியும் உடல் பருத்ததாகவே அவருக்குப் படுகிறது. இதயத் துடிப்பு தளர்கிறது, எலும்பு நலிகிறது, மாதவிடாய் நிற்கிறது. மனநோய்களுள் மிக அதிக உயிர்களைப் பறிப்பனவற்றில் இதுவும் ஒன்று. ஆண்களையும் இது விட்டுவைப்பதில்லை.

‘பிடிவாதம்’ என்று இதைப் பழிப்போர் ஓர் ஆய்வை எண்ணிப்பார்க்க வேண்டும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர், உடலும் மனமும் நலமாயிருந்த 36 ஆண்களின் உணவை ஆறு மாதங்கள் பாதியளவுக்குக் குறைத்தார். அவர்கள் சோர்ந்தனர், எரிந்து விழுந்தனர், ஒதுங்கி வாழ்ந்தனர். உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமல் சமையல் புத்தகங்களைச் சேர்த்தனர். பட்டினி சிந்தனையையே திரித்துவிடுகிறது என்பதை அவர்களின் நிலை மெய்ப்பித்தது. பட்டினியால் திரிந்த மனத்திடம் ‘மன உறுதியோடு சாப்பிடு’ என்று உபதேசிப்பதுதான் அப்பட்டமான கருத்துமுதல்வாதம்.

சந்தைதான் இந்நோயைப் படைத்தது என்று சொல்வதும் சரியன்று. 1873இலேயே லண்டனில் வில்லியம் கல், பாரிசில் லாசேக் ஆகிய மருத்துவர்கள் இதை விவரித்துவிட்டனர். பரம்பரைக் கூறுகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் உறங்கும் நெருப்பை ஊதிவிடுவது சந்தை. இளம்பெண்கள் மூவரில் ஒருவருக்கு உடல்பற்றிய மனவேதனையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று பேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வாளர்களே எழுதிவைத்திருந்தது 2021இல் அம்பலமானது. உடலைக் கண்டு ஒருவரை வெட்கப்பட வைத்து, அந்த வெட்கத்துக்கு மருந்தாக மாவும் மாத்திரையும் விற்கும் வணிகத்துக்கு வர்க்க எல்லை கிடையாது. கைப்பேசி உள்ள ஒவ்வொரு தொழிலாளி வீட்டுக்குள்ளும் அது நுழைந்துவிட்டது.

மருத்துவமோ அவ்வாறு நுழையவில்லை. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென நிறைய ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் அளவு சரிந்து உயிரே போகலாம். எனவே மருத்துவர், மனநல மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோர் கூடிச் சிகிச்சை அளிக்க வேண்டும். குடும்பமும் அதில் பங்கேற்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் மாதக்கணக்கில் இதைப் பெறக் கூலித் தொழிலாளியால் இயலுமா? பணக்காரருக்கு மட்டும் எட்டுவது சிகிச்சை. நோய் எல்லோர்க்கும் எட்டுகிறது. ஏழை வீட்டுப் பெண்ணின் மெலிவுக்கு ‘சத்துக்குறைவு’ என்று பெயரிட்டு நோயையே காணாமற் செய்துவிடுகிறோம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவைகளைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயாக இருப்பதைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாமே. மாவட்ட மருத்துவமனைகளில் உணவுக் கோளாறுகளுக்கான சிகிச்சை, பள்ளிதோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர், பொய் வாக்குறுதி தரும் எடைக்குறைப்பு விளம்பரங்களுக்குத் தடை ஆகியவை மாதர், மாணவர், வாலிபர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். உண்ணாமல் ஒதுங்கும் பிள்ளையைக் கண்டால் கிளைத் தோழர்கள் ஏளனம் செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணை அக்குடும்பத்துக்குக் கொடுங்கள்.

பசிக்கு எதிராகப் போராடிய இயக்கம் இது. உண்ண வழியில்லாதவர்க்காக நின்றது போலவே, உணவிருந்தும் உண்ண இயலாதவர்க்காகவும் அது நின்றாக வேண்டும்.