காத்திருப்பும் காக்கவைப்பும்

நவம்பர் மாதக் கடைசியில் நமது மலைநாட்டில் மழையும் மூடுபனியும் மாறி மாறி இறங்கும். ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்கள் அப்பொழுதே நத்தாரை எதிர்நோக்கத் தொடங்கிவிடுகின்றன. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் அவர்களுடைய திருச்சபை திருவருகைக் காலமென வகுத்துள்ளது. ஆலயத்தில் ஊதாத் துணி விரிப்பர். வாரத்துக்கு ஒன்றாக மெழுகுதிரி ஏற்றுவர். இறைவன் வருகின்றான், விழித்துக் காத்திருங்கள் என்பதே அக்காலத்தின் செய்தி.

நாம் இந்து மரபில் வளர்ந்தவர்கள் எனினும், இச்செய்தி நமக்கு அந்நியமானதன்று. சபரியின் கதையை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டோ? இராமன் வருவான் என்ற சொல்லை நம்பி அவள் காத்திருந்தாள், ஆச்சிரமத்தைப் பேணினாள், காட்டுக் கனிகளைச் சேர்த்து வைத்தாள். அவளுடைய காத்திருப்பு முழுவதும் வேலையாகவே இருந்தது.

தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் இது நன்கு தெரியும். ஒரு மலையில் கொழுந்தெடுத்தால், அதே செடியில் மறுபடியும் கொழுந்து வர ஏறத்தாழ ஒரு வாரமாகும். அவசரத்தால் தளிரை வளர்க்க இயலாது. நாள் தவறினாலோ இலை முற்றிப்போகும். ஆகவே, இம்மலை துளிர்க்கும்வரை அவள் மறுமலையில் கையோயாது உழைக்கின்றாள். வருவதை உண்டாக்கும் ஆற்றல் அவளிடம் இல்லை. வரும் நாளில் ஆயத்தமாயிருப்பது மட்டுமே அவள் பொறுப்பு.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு, கிறிஸ்துவின் வருகைகள் மூன்று என்றார். முதலாவது, மனிதனாகப் பிறந்து வந்தது. இறுதியானது, உலக முடிவில் வரப்போவது. இவ்விரண்டுக்கும் இடையே, அடியவர் உள்ளத்தில் மறைவாக நிகழ்வது மற்றொன்று. அன்றாட வாழ்க்கைக்கு உரியது இந்த நடு வருகையே. பெரட்டுக்குப் புறப்படும் விடியற்காலையிலும் லயத்து அடுப்படியிலும் அது நேரலாம்.

அவ்வாறாயின், வருபவரை எவ்வாறு அடையாளம் காண்பது? மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரம் விடை தருகின்றது. விளக்குடன் மணமகனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னியரின் உவமை அவ்வதிகாரத்தில்தான் தொடங்குகின்றது. ஆனால் அது முடிவது வேறோர் இடத்தில். பசித்தவனுக்கும் நோயாளிக்கும் சிறைப்பட்டவனுக்கும் அந்நியனுக்கும் செய்தது தமக்கே செய்தது என அரசர் தீர்ப்பளிக்கின்றார். விளக்கேந்திக் காத்திருந்தவர்கள் எதிர்பார்த்த விருந்தினர், அந்நியன் உருவில் முன்னரே வாசலுக்கு வந்து நிற்கின்றார்!

அந்நியன் என்ற அச்சொல் மலைநாட்டில் ஆழமாகத் தைக்கும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இம்மலைகளைத் தேயிலையால் போர்த்திய மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என விட்டது. அதன்பின் சட்டங்கள் பல வந்தும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே எஞ்சியோருக்கும் வழி திறந்தது. இடைப்பட்ட காலம் 55 ஆண்டுகள். ஒரு தலைமுறை காத்திருந்தே மாண்டது. இதனைப் பொறுமை என்று புகழ்வது முறையாகாது. சபரியின் காத்திருப்பு அவளாகவே ஏற்றது. இதுவோ பிறர் சுமத்தியது.

இவ்வேற்றுமையை உணர்ந்த கிறிஸ்தவர்களும் இருந்தனர். இயேசு சபைக் குருவான பால் கஸ்பேர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காக நெடுங்காலம் உழைத்தார். செபத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அந்நியர் எனப்பட்டவர்களின் பக்கத்தில் போய் நின்றார். விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது என்பது இதுவன்றி வேறென்ன?

இறைவனுக்காகக் காத்திருப்பவன் தன் அயலானைக் காக்கவைக்கலாகாது. நாம் எச்சமயத்தவராயினும் இது நமக்குப் பொருந்தும். கடன்பட்ட கூலியை நாளை தருவோம் என்கின்றோம். விண்ணப்பத்துடன் வந்த முதியவரை அடுத்த வாரம் வரச் சொல்கின்றோம். ஐயம் கேட்ட மாணவனைப் பிறகு பார்க்கலாம் என அனுப்பிவிடுகின்றோம். நான்கு மெழுகுதிரிகளும் எரிந்து முடிவதற்குள், நம் வாசலில் காத்து நிற்கும் ஒருவரையேனும் உள்ளே அழைப்போமாக. வருபவர் அவராகவே இருக்கலாம்.