வீட்டில் விஞ்ஞானம்: கடல்மீன் தொட்டிக்கு இரண்டு காவல்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பட்டணத்தில் வேலை பார்க்கும் அவருடைய மகன், உப்புநீரில் வாழும் கோமாளி மீன் இரண்டைத் தொட்டியோடு கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தொட்டி நூறு லிட்டர் கொள்ளும். தண்ணீரைச் சூடாக வைக்க 300 வாட் ஹீட்டர் ஒன்றையும் மலிவாக வாங்கிப் போட்டிருக்கிறார். “பேரப்பிள்ளைகள் தொட்டியை விட்டு நகர்வதே இல்லை. தண்ணீருக்குள் கரண்டு ஓடுகிறதே, பயமாக இருக்கிறது. இது நல்ல சாமான்தானா?” என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. பதிலைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும்.

முதலில், ஹீட்டர் தேவையா? கோமாளி மீன் வெப்பக் கடலில் பிறந்தது. அதற்கு 25, 26 பாகை செல்சியஸ் சூடு ஒத்துக்கொள்ளும். உங்கள் மலையிலோ இரவில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. ஆகவே அங்கே ஹீட்டர் வேண்டும். ஆனால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் மீன் நோயில் விழும். ஒரே அளவில் நிற்பதுதான் முக்கியம்.

அந்த அளவைக் காப்பது தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவி. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் இது உண்டு. பெட்டி சூடானதும் ‘டிக்’ என்று ஓசை கேட்டு விளக்கு அணைகிறதே, அதுதான் அதன் வேலை. இருவகை உலோகத் தகடுகளை ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். சூட்டில் ஒன்று அதிகமாக நீளும், மற்றது குறைவாக நீளும். அதனால் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடியும் இணைக்கும். சாதாரண மீன்தொட்டி ஹீட்டர் பலவற்றில் உள்ளே இருப்பதும் இதுதான்.

துண்டித்து இணைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த முனையில் சிறு தீப்பொறி பறக்கும். நாளுக்குப் பல தடவை, ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் முனை கருகித் தேய்ந்துவிடும். ஒருநாள் இணையாமலே போகலாம். அப்போது தண்ணீர் மெள்ளக் குளிரும். காலையில் பார்த்துச் சரிசெய்ய அவகாசம் உண்டு. முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. ஹீட்டர் அணையவே அணையாது.

இங்கேதான் 300 வாட் தவறாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். நூறு லிட்டருக்கு 4,20,000 ஜூல். 300 வாட் ஹீட்டர் வினாடிக்கு 300 ஜூல் தருகிறது. அதாவது இருபத்து மூன்று நிமிடத்தில் ஒரு பாகை. காற்றில் போகும் சூட்டைக் கழித்தாலும், இரவு பத்து மணிக்கு முனை ஒட்டிக்கொண்டால் பொழுது விடிவதற்குள் தண்ணீர் 32 பாகையைத் தாண்டிவிடலாம். சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

ஆகவே பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியது இரண்டாக வாங்குங்கள். உங்கள் தொட்டிக்கு 75 வாட் ஹீட்டர் இரண்டு போதும். ஒன்று கெட்டு அணைந்துபோனால் மற்றது ஓரளவு சூட்டைக் காக்கும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும், அந்தக் குளிரில் 75 வாட் தனியாக நின்று தொட்டியைக் கொதிக்க வைக்க முடியாது.

இது முதல் காவல். இரண்டாவது காவல், வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி. இதைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி, ஹீட்டர்களை இதில் செருக வேண்டும். இதன் உணர்கம்பி தண்ணீருக்குள் இருந்து சூட்டைப் பார்க்கும். பெட்டியை 26 பாகையில் வைத்து, ஹீட்டரில் உள்ள திருகை 27-இல் வையுங்கள். நாள்தோறும் துண்டித்து இணைப்பது பெட்டியின் வேலை. பெட்டியே ஒருநாள் ஒட்டிக்கொண்டால், 27-இல் ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட் தடுத்துவிடும். இரண்டும் ஒரே இரவில் கெட்டால்தான் கேடு. அது அரிது.

பெட்டி வாங்கும்போது, உங்கள் ஹீட்டர்களின் மொத்த வாட்டைவிட நன்றாக அதிகம் தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். உணர்கம்பியை ஹீட்டரை ஒட்டி வைக்காமல், தண்ணீர் ஓடும் இடத்தில் தள்ளி வைத்து இறுகப் பொருத்துங்கள். அது நழுவி வெளியே தொங்கினால், மலைக்காற்றின் குளிரைத் தண்ணீரின் குளிர் என்று எண்ணி ஹீட்டரை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். சூடு அளவு மீறினால் மணியடிக்கும் வசதி உள்ள பெட்டி இன்னும் நல்லது.

இனி பேரப்பிள்ளைகளைப் பற்றி. உப்புநீர் குழாய் நீரைவிடப் பன்மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடிக் குழாய் ஹீட்டர் கீறல் விட்டால் தண்ணீர் முழுவதும் மின்சாரம் ஏறும். மீன் நீந்திக்கொண்டிருக்கும். ஆனால் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை கையை விட்டால், அதன் உடல் வழியாக மின்சாரம் தரைக்குப் பாயும். மீன் நன்றாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது.

இதைத் தடுப்பது மின்கசிவுத் துண்டிப்பான். நாம் இஎல்சிபி என்கிறோமே, அதுதான். உயிரைக் காக்க அது 30 மில்லியாம்பியர் அல்லது அதற்கும் குறைந்த அளவில் துண்டிப்பதாக இருக்க வேண்டும். வீட்டு மெயினில் 100 என்று எழுதியிருந்தால் அதை நம்பித் தொட்டி வைக்காதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தொட்டியின் பிளக்குக்குத் தனியாக ஒன்று பொருத்துங்கள். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிளக்கில் சிரிம் முத்திரையும் மூன்று கால்களும் இருக்கட்டும். ஒயர் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கிப் பிறகு மேலேற வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும். தண்ணீருக்குள் கை விடுமுன் பிளக்கைக் கழற்றுவது வீட்டில் எல்லாருக்கும் சட்டமாக இருக்கட்டும்.

கண்ணாடி ஹீட்டரைத் தண்ணீரை விட்டு எடுப்பதானால், பிளக்கைக் கழற்றி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். நீர்மட்டம் இறங்கி ஹீட்டர் வெளியே தெரியவும் விடக் கூடாது. வெளியே சூடேறிய கண்ணாடியில் குளிர்நீர் பட்டால் வெடிக்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல நீரையே ஊற்ற வேண்டும். வசதியுள்ளவர்கள் டைட்டானியம் ஹீட்டர் வாங்கலாம். அது உடையாது, உப்பில் துருப்பிடிக்காது. ஆனால் அதற்கும் இஎல்சிபி வேண்டும்.

பெட்டி காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல் பரிசோதியுங்கள். ஒரு குவளையில் வெதுவெதுப்பான நீரை எடுத்து, காய்ச்சல் பார்க்கும் மின் வெப்பமானியையும் உணர்கம்பியையும் சேர்த்து வையுங்கள். ஒன்று 37 காட்டும்போது மற்றது 35 காட்டினால், பெட்டி இரண்டு பாகை குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

சமவெளித் தோட்டங்களில் இருப்போருக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் குளிர்சாதன அறை தவிர வேறெங்கும் ஹீட்டர் வேண்டியதில்லை. நமக்குப் பகை சூடுதான். கடலிலேயே சூடு மிஞ்சியதால் நம் நாட்டுப் பவளப் பாறைகள் 1998-இலும் 2010-இலும் 2024-இலும் வெளுத்துப்போயின. 2010-இல் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதம் மூடியே வைத்தார்கள். சிறு மின்விசிறியின் காற்று நீர்ப்பரப்பில் படும்படி வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும். அதையும் அதே கட்டுப்பாட்டுப் பெட்டி ஓட்டும்படி சில பெட்டிகளில் வசதி உண்டு.

பணம் செலவிடும் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் இஎல்சிபி, அடுத்து வெப்பமானி, பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டி, அதன்பின் ஹீட்டர், கடைசியாக மீன். இந்த மாதச் சம்பளத்தில் அத்தனைக்கும் இடமில்லையென்றால் மீனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். முன்னமே மீன் வந்துவிட்ட வீடுகளில் இஎல்சிபியை மட்டும் நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள்.